கௌதாரிச் சரிவும் அண்ணா கொடுத்த ஒரு கிழமையும்

எங்கள் அண்ணா மறைந்து இன்று முப்பத்தொரு நாள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரைப் பாரிசின் லா ஷப்பல் கடைத்தெருவில் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரப்பர் சப்பாத்தும் பச்சை மேலங்கியும் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் அவரிடம், "எங்கை அண்ணை, தோட்டத்துக்கோ?" என்று கேட்டவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். "ஓம், தோட்டத்துக்குத்தான்" என்று சிரித்துவிட்டுப் போவார். அவர் போனது கௌதாரி வேட்டைக்கு. உயிர்க்கொலை என்று யாராவது முகம் சுளிப்பார்களோ என்ற கூச்சத்தால் அதை வெளியில் சொன்னதில்லை. இனி மறைக்க ஒன்றுமில்லை. அவர் வாழ்வில் நான் கண்ணால் கண்ட மிகப் பெரிய காரியமும் அந்த வேட்டை நிலத்தில்தான் நடந்தது. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணா சாவகச்சேரியில் பிறந்தார். எங்கள் தந்தையார் புகையிரத நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தபடியால் இடமாற்றம் வரும்போதெல்லாம் குடும்பமும் பெட்டி கட்டியது. அண்ணா நான்கு பள்ளிக்கூடங்களில் படித்தார். தந்தையார் திடீரென்று காலமானபோது அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழக ஆசையை அன்றோடு விட்டுவிட்டு, நில அளவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். வன்னிக் காடுகளில் அளவுச் சங்கிலியோடு மாதக்கணக்கில் நடக்கும் வேலை. யானைக்கும் கரடிக்கும் பயந்து குழுவோடு ஒரு துப்பாக்கியும் போகும். அதைத் தூக்கிச் செல்லும் பொறுப்பு அண்ணாவுடையது. காடையும் கௌதாரியும் சுடப் பழகியது அப்போதுதான். அவர் சம்பளத்தில்தான் அக்காவின் கலியாணமும் என் படிப்பும் நடந்தன. தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நாங்களும் அவரைக் கேட்கவில்லை. அந்தக் குறை எங்களுடையது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஊரில் இருக்க முடியாத நிலை வந்தபோது பாரிசுக்கு வந்து சேர்ந்தார். லா ஷப்பலில் ஓர் ஒற்றை அறையில் ஆறு பேர். கட்டில் மூன்று. இரவு வேலைக்காரர் எழுந்துபோக, பகல் வேலைக்காரர் படுப்பார். அண்ணாவுக்கு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது.

அந்த உணவகத்தின் தலைமைச் சமையற்காரர் பெயர் ரேமோன். பாரிசுக்கு வடக்கே, ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு சிறு ஊர்க்காரர். இலையுதிர் காலத்தில் உணவகத்துக்கு இறகோடு கௌதாரிகள் பெட்டியில் வரும். இறகு பிடுங்க ஆளில்லாமல் ரேமோன் திட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், அண்ணா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு பறவையை எடுத்து, தோல் கிழியாமல் சில நிமிடங்களில் பிடுங்கிக் கொடுத்தார். பிறகு இன்னொன்றின் வாலை விரித்துக் காட்டினார். இறகு நுனியெல்லாம் தேய்ந்திருந்தது. அண்ணாவுக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது. விரல்களைக் குறுக்கே பின்னிக் கம்பிவலை போலக் காட்டி, தலையை ஆட்டினார். கூண்டில் வளர்த்த பறவை, வெளியில் பறந்ததில்லை என்பதுதான் அவர் சொன்னது. ரேமோன் அந்த வாலையும் அண்ணாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். அடுத்த ஞாயிறே அண்ணாவைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பிரான்சில் வேட்டைக்குப் போக அனுமதி அட்டை வேண்டும். அதற்குப் பரீட்சை உண்டு. பறவைகளின் படம் காட்டி, எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது, எப்போது என்றெல்லாம் கேட்பார்கள். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரரான அந்துவான் ஐயா பக்கத்துத் தெருவில் இருந்தார். அவர்தான் அந்தப் புத்தகத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொடுத்தார். முதல் தடவை அண்ணா தவறிவிட்டார். இரண்டாம் தடவை தேறினார். வயிற்றுவலி என்று வைத்தியரிடம் சொல்லத் தெரியாத நாட்களிலேயே அவருக்கு முப்பது பறவைகளின் பிரெஞ்சுப் பெயர் தெரியும். ஆறு பேர் படுக்கும் அறையில் துப்பாக்கி வைக்க முடியாது. ரேமோன் தன் தகப்பனாரின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை அண்ணாவுக்கென்று ஒதுக்கி, தன் ஊர் வீட்டு அலுமாரியிலேயே பூட்டி வைத்திருந்தார்.

இந்த நாட்டில் வேட்டை நிலம் பெரும்பாலும் காணிக்காரருடையது. ஆனால் ரேமோனின் ஊரில், பீட்ரூட் வயல்களுக்கு மேலே புதரும் புல்லும் மண்டிய ஒரு சுண்ணாம்புச் சரிவு உண்டு. முன்னொரு காலத்தில் ஊர் ஆடுகள் மேய்ந்த பொது நிலம். அதை ஊரார் "லாரி" என்பார்கள். நான் பாரிசுக்கு வந்த புதிதில் அண்ணா "லாரிக்குப் போறன்" என்றபோது, வேறு வேலை தேடிவிட்டார் என்றே நான் நினைத்தேன். யாரும் அங்கே நடக்கலாம், காளான் பொறுக்கலாம், நாயோடு உலாவலாம். பருவம் திறந்தால் ஊர் வேட்டைச் சங்கத்தினர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கௌதாரி வேட்டையாடலாம். சங்கத்தில் வெளியூர்க்காரருக்கும் சில இடங்கள் இருந்தன. ரேமோன் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்க, அவற்றில் ஒன்று அண்ணாவுக்குக் கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு இரண்டு பறவைகளுக்கு மேல் கூடாது. அண்ணா பல கிழமைகள் வெறுங்கையோடுதான் வருவார். வந்தாலும் முகம் தெளிவாக இருக்கும்.

"ஒண்டும் கிடைக்கேல்லையே, பிறகேன் போறியள்?" என்று கேட்டேன்.

"இஞ்சை வந்தபிறகு எந்த வாசலிலையும் நிண்டு ஆரையேன் கேட்டுத்தான் உள்ளுக்குப் போறன், தங்கச்சி. அங்கை வாசலே இல்லை" என்றார்.

கிடைத்த நாட்களில் கௌதாரியை நானே யாழ்ப்பாணத் தூள் போட்டுக் குழம்பு வைப்பேன். அறை நண்பர்கள் ஐந்து பேரும், பாரிசுப் புறநகரான சார்செல்லில் நானும் கணவரும் இருந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒரு பறவையை எட்டுப் பேர் பகிர்ந்து சாப்பிட்டதும் உண்டு. மரக்கறி மட்டுமே உண்ணும் அம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் நாங்கள் இதை எழுதவில்லை.

நான் பாரிசுக்கு வந்த ஆண்டு, ஐப்பசி மாதத்து ஒரு ஞாயிறு. அண்ணா போகும் இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து அவரோடு போனேன். சரிவின் அடியில் வண்டிப்பாதை ஒன்று. அங்கே ரேமோனின் மனைவி ஒடெத்தோடு நான் நின்றேன். மேலே ஆறு வேட்டைக்காரர் இடைவெளி விட்டு வரிசையாக, மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். இடது ஓரத்தில், வேலிப்புதருக்குப் பக்கத்தில் அண்ணா. அவருக்கு அடுத்து ரேமோன். இடையில் ஒரு முட்புதர்க் கூட்டம் இருந்ததால் மற்ற நால்வருக்கும் இந்த இருவரும் தெரியாது. கீழே நின்ற எனக்கு எல்லோரும் தெரிந்தார்கள். ஒடெத் குனிந்து நாயின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கௌதாரிக் கூட்டம் ஒன்று படபடவென்று எழும்பியது. அதில் ஒன்று மட்டும் திரும்பி, தாழ்வாக வேலிப்பக்கம் பறந்தது. அண்ணா துப்பாக்கியை உயர்த்தினார். உடனே குழலை நிலத்தைப் பார்க்கத் தாழ்த்தி, இடது கையை அகல விரித்து, சுடாதே என்பதுபோல உயர்த்தினார். அதே நொடியில் வெடி கேட்டது. தோளில் பதித்த துப்பாக்கியோடு நின்றவர் ரேமோன்.

வேலிக்கு அப்பால் ஒரு பெண் அலறினார்.

அண்ணா துப்பாக்கியின் குழலை மடித்துத் திறந்து நிலத்தில் வைத்துவிட்டு, முட்களுக்குள் புகுந்து மறுபக்கம் போனார். காளான் பொறுக்க வந்திருந்த மதாம் லுசியென் அங்கே கிடந்தார். ஊரில் முப்பது ஆண்டுகள் தபால் கொடுத்து ஓய்வுபெற்றவர். புருவத்திலும் கையிலும் ஈயக் குண்டுகள் பட்டு முகமெல்லாம் இரத்தம். அண்ணா தன் கழுத்துத்துணியால் காயத்தை இறுக்கிக் கட்டி, அவரைத் தூக்கிக்கொண்டு வண்டிப்பாதைக்கு வந்தார். ஒடெத் ஓடிப்போய் காரைக் கொண்டுவந்தார். மதாம் லுசியெனை ஏற்றி அனுப்பிய பிறகுதான் சங்கத் தலைவர் கேட்டார், "யார் சுட்டது?" என்று.

வேலிப்பக்கம் நின்றவர் அண்ணா. வெளியூர்க்காரர் அண்ணா. எல்லோருடைய கண்ணும் அவர் மேல்தான்.

"நான் சுடவில்லை" என்று அண்ணா பிரெஞ்சில் சொன்னார்.

"அப்படியென்றால் யார்?"

"நான் வேலிப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்."

ரேமோன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓரடி முன்னால் வைத்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அரைகுறை, ஆனால் விரலை நீட்டிக் காட்ட மொழி தேவையில்லை. அண்ணா என் பக்கம் திரும்பாமலே தமிழில் சொன்னார்:

"நீ வாயைத் திறக்காதை. அவன் தானாச் சொல்லட்டும்."

ஊர்ப்புறக் காவலரான ஜாந்தார்ம்கள் வந்தார்கள். அன்று காலை அண்ணாவும் ஒரு பறவை சுட்டிருந்தார். அந்த வெற்றுத் தோட்டா அவர் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கியையும் அனுமதி அட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பதைக் காட்டும் தற்காலிகக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எல்லாவற்றையும் எழுதினார்கள். மறுபடி கூப்பிடுவோம் என்றார்கள்.

திரும்பும் ரயிலில் நான் கேட்டேன்:

"அண்ணா, உங்கட கேஸ் என்னாகும்? ஒரு பொம்பிளையைச் சுட்டவர் எண்டு எழுதினா அகதி அந்தஸ்து தருவாங்களோ?"

"தரமாட்டாங்கள்."

"பிறகேன் சும்மா இருக்கிறியள்? நான் கண்ணாலை பாத்தனான்."

"நானும்தான் பாத்தனான். அவன் சுட்டது தெரியாமச் சுட்டது. இப்ப பயந்துபோய் நிக்கிறான். பயத்திலை நிக்கிறவனைப் பிடிச்சுக் குடுத்தா அவன் கள்ளனாப் போவான். தானா வந்து சொன்னா மனிசனா இருப்பான். ஒரு கிழமை பாப்பம்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி வாற ஞாயிறு நானே போய்ச் சொல்லுவன். நான் என்ன விசரனோ, தங்கச்சி?"

எங்கள் அண்ணா ஏமாளி அல்லர் என்பதற்காகவே இந்தக் கடைசி வரியையும் அப்படியே எழுதுகிறேன். ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்று அவர் கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தார்.

அந்தக் கிழமை அவர்கள் இருவரும் ஒரே சமையலறையில், நாலு முழம் தள்ளி நின்று வேலை செய்தார்கள். அண்ணா ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல "போன்ஜூர் ஷெஃப்" என்று சொல்லிவிட்டுக் கோப்பை கழுவினார். ரேமோன் இரண்டு முறை சோஸைக் கருகவிட்டாராம்.

புதன்கிழமை அண்ணாவின் அகதி விசாரணைக்கு அழைப்புக் கடிதம் வந்தது. பத்து நாளில் போக வேண்டும். அதைப் பார்த்ததும் என் பொறுமை போய்விட்டது. வியாழன் காலையில் அந்துவான் ஐயாவிடம் போய், நடந்ததைச் சொல்லி, பிரெஞ்சில் நாலு வரி எழுதித் தரக் கேட்டேன். "ஐயா, நான் சரிவின் அடியில் நின்றேன். சுட்டவர் நீங்கள். என் அண்ணா உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டார். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்."

அந்துவான் ஐயா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இது மிரட்டுற மாதிரி இருக்கேம்மா."

"மிரட்டல்தான் ஐயா."

"சரி. அப்ப நல்ல பிரெஞ்சுலயே மிரட்டுவோம்" என்று திருத்தி எழுதிக்கொடுத்தார்.

மூன்று மணிக்கு மதிய வேலை முடிந்து அண்ணா அறைக்குப் போய்விடுவார். அந்த நேரம் பார்த்து உணவகத்தின் பின்கதவைத் தட்டினேன். ரேமோன்தான் திறந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, இரண்டு தடவை வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"மெர்சி, மதாம்" என்றார். அவ்வளவுதான். கதவு சாத்தப்பட்டது.

சனிக்கிழமை அண்ணா சார்செல்லுக்கு வந்தார். வாசலிலேயே, "சொல்லிப்போட்டான்" என்றார். ஜாந்தார்ம் நிலையத்தில் ரேமோன் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டார். அண்ணாவின் அட்டையைத் திரும்ப வந்து எடுக்கச் சொல்லித் தகவல் வந்திருந்தது.

"நான் சொன்னனான் தானே? தானா வருவான் எண்டு."

"ஓம் அண்ணா" என்றேன். தேத்தண்ணி ஊற்றப் போகிறவள்போல உள்ளே போய்விட்டேன். அவருடைய அந்த முகத்தைப் பார்த்தபிறகு, நான் செய்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும் வரவில்லை.

மதாம் லுசியெனின் கண் தப்பியது. புருவத்தில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சியது. ரேமோனுக்கு அபராதம் விதித்து, அவர் வேட்டை அட்டையை இரண்டு பருவங்களுக்கு நிறுத்திவைத்தார்கள். சங்கத் தலைவர் அண்ணாவைக் கூட்டத்துக்கு அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். என்ன வேண்டும் என்று கேட்டபோது அண்ணா சொன்னது இதுதான்: அந்தச் சரிவு காளான் பொறுக்குகிறவர்களுக்கும் சொந்தம். இனி வேட்டை தொடங்குமுன் மூன்று தடவை நீளமாக விசில் ஊத வேண்டும். வேலிப்பக்கம் தாழப் பறக்கும் பறவையை யாரும் சுடக்கூடாது. அப்படியே விதி எழுதினார்கள். விசில் ஊதும் பொறுப்பைத் தனக்குத் தரவேண்டும் என்று மதாம் லுசியென் பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டார்.

அண்ணாவின் அகதி விண்ணப்பமும் ஏற்கப்பட்டது. அட்டை இல்லாத அந்த இரண்டு பருவங்களும் ரேமோன் துப்பாக்கி இல்லாமல், நாயைப் பிடித்துக்கொண்டு அண்ணாவின் பக்கத்தில் நடந்தார். அப்போது அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உணவகத்தில் அண்ணா கோப்பை கழுவுவதிலிருந்து காய்கறி வெட்டும் மேசைக்கும், பிறகு அடுப்புக்கும் வந்தார். லா ஷப்பலில் புதிதாக வந்திறங்கிய எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு போய் வேலை பேசிக் கொடுத்தார். யார் என்ன சொன்னாலும் முதலில் கேட்டுக்கொள்வார். மறுமொழி நாலு நாள் கழித்துத்தான் வரும். எங்களுக்கு அது எரிச்சலாக இருக்கும்.

சென்ற மாரி காலத்தில் இருமல் தொடங்கியது. நுரையீரலில் நோய் என்று வைத்தியர்கள் சொன்னபோது மிகவும் முற்றியிருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தும் அவர் பதறவில்லை. ஊரிலிருக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் தன் கையாலேயே கடிதம் எழுதினார். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், தான் இங்கே கௌதாரி சுட்டுச் சாப்பிட்டதையும் எழுதிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். வந்து பார்த்த ரேமோனிடம் கோதுமை வெட்டியாகிவிட்டதா என்று கேட்டார். குஞ்சுகள் நன்றாகப் பிழைத்திருக்கின்றன, நல்ல பருவம் வரும் என்று ரேமோன் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தார். பருவம் திறப்பதற்கு முந்திய கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, என் கணவர் அவருக்குத் தலையணை சரிசெய்துகொண்டிருந்தபோது அமைதியாகக் கண்ணை மூடினார். வயது நாற்பத்து நான்கு.

அவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த தாதியருக்கும் வைத்தியர்களுக்கும் எங்கள் நன்றி. முறை வைத்து இரவும் பகலும் மருத்துவமனையில் நின்ற அறை நண்பர்களுக்கும், பக்கத்து ஊரான வில்லியே லே பெல்லிலிருந்து ஒவ்வொரு நாளும் சோறு சமைத்து அனுப்பிய உறவுகளுக்கும், கடையைப் பூட்டிவிட்டு இறுதிக் கிரியைக்கு வந்த லா ஷப்பல் வணிகர்களுக்கும், தேவாரம் ஓதியவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். கடதாசி வேலை எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்துவான் ஐயாவுக்கும், வர இயலாமல் ஊரிலிருந்தே அழுதுகொண்டிருக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இந்த மலரின் முதற்படிகள் உரியவை. வேட்டைச் சங்கத்தாரும் மதாம் லுசியெனும் ரயிலேறித் தகனசாலைக்கு வந்து, எங்கள் ஆட்களோடு கைகட்டி நின்றதை நாங்கள் மறக்கமாட்டோம்.

கடைசியாக ரேமோனுக்கு நன்றி சொல்ல வேண்டும். கிரியைகள் முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவரைத் தனியே கூப்பிட்டேன். இப்போது எனக்குப் பிரெஞ்சு போதிய அளவு வரும். "நான் அன்று உங்களை மிரட்டினேன். அதனால்தான் நீங்கள் சொன்னீர்கள் என்று அண்ணாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவர் உங்களை நம்பினார். நான் நம்பவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

ரேமோன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மதாம், நீங்கள் வந்தது வியாழன் மூன்று மணிக்கு. நான் அன்று காலை முதல் ரயிலில் ஊருக்குப் போய் எழுதிக்கொடுத்துவிட்டு, மதிய வேலைக்குத் திரும்பியிருந்தேன். அதை உங்களிடம் சொல்லியிருந்தால், வந்த வேலை வீண் என்று உங்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும். தவிர, நீங்கள் எழுதியிருந்தது எனக்குத் தகுந்ததுதான்."

அண்ணா, நீங்கள் அவருக்கு ஒரு கிழமை கொடுத்தீர்கள். அவர் நாலு நாளில் வந்துவிட்டார்.

உங்கள் அன்புத் தங்கை,
சார்செல்.